கப்பல் கட்டும் வேலையில் மலையகத்துக்கும் இடம் வேண்டும்

இலங்கைக்குச் சொந்தமாக ஒரு பாதுகாப்புக் கைத்தொழில் தேவையா? துப்பாக்கியும் ரவையும் செய்யத் தேவையில்லை. கப்பல் கட்டத் தேவை என்பதே எமது நிலைப்பாடு. சுற்றிலும் கடல் உள்ள நாடு, ரோந்துக் கப்பலுக்கு மற்றவர் வாசலில் நிற்பது வெட்கம்.

கையில் ஒன்றும் இல்லாமல் நிற்கவுமில்லை. 1974இல் தொடங்கப்பட்ட கொழும்பு டொக்யார்ட்டில் நான்கு உலர் துறைகள் இருக்கின்றன. இலட்சத்தீவுக்குப் போகும் பயணிகள் கப்பல்களை இந்தியாவுக்குக் கட்டிக் கொடுத்ததும் மாலைதீவுக்கு ரோந்துப் படகுகள் செய்ததும் இங்கேதான். ஆனால் நமது கடற்படையின் பெரிய கப்பல்களைப் பாருங்கள். 2004இல் கையளிக்கப்பட்ட சமுதுர, 2018இல் கையளிக்கப்பட்ட கஜபாகு இரண்டும் அமெரிக்கா பயன்படுத்திவிட்டுத் தந்தவை. 2019இல் வந்த பராக்கிரமபாகு சீனாவின் பழைய கப்பல். புதிதாக வாங்கிய சயுரல, சிந்துரல இரண்டும் கோவாவில் கட்டப்பட்டவை. அத்தனை பெரிய போர்க்கப்பலைக் கொழும்பில் கட்ட முடிந்திருக்குமா என்பது வாதத்துக்குரியது. ஒரு பகுதியையாவது இங்கே செய்ய வேண்டும் என்ற நிபந்தனை போட்டிருக்கலாமே.

2025இல் அந்த டொக்யார்ட்டே கைமாறத் தொடங்கியது. நீண்டகாலம் பெரும்பங்கை வைத்திருந்த ஜப்பானின் ஒனோமிச்சி நிறுவனம் விலகியது. நட்டத்தில் தவித்த கொழும்பு டொக்யார்ட்டின் 51 சதவீதப் பங்குகளைச் சுமார் 53 மில்லியன் டொலருக்கு வாங்குவதாக இந்திய அரசின் மசகான் டொக் 2025 ஜூனில் அறிவித்தது. கொழும்பில் இதை இறைமைப் பிரச்சினையாகப் பேசுகிறார்கள். பேசட்டும். எமக்கு அதைவிடப் பெரிய கவலை, வேலை தெரிந்த ஆட்கள். பொருளாதாரம் விழுந்த 2022இல் மட்டும் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளிநாட்டு வேலைக்குப் போனார்கள். கப்பல் அடித்தகட்டில் வெல்டிங் பிடித்து, அது சோதனையில் தேறும் அளவுக்கு ஒருவர் வருவதற்கு வருடங்கள் ஆகும். அவர் விமானம் ஏறிய பிறகு விளம்பரம் போட்டுப் பயனில்லை.

மலையகம் இங்கேதான் வருகிறது. தேயிலை ஸ்டோரில் ரோலரையும் டிரையரையும் ஓட வைத்துக்கொண்டிருக்கும் பிட்டர்கள் நம் ஆட்கள். உதிரிப்பாகம் வர மாதக்கணக்காகும் தோட்டத்தில் பழைய இரும்பை வெட்டிக் கடைந்து மெஷினை ஓட்டுகிறவர்கள். அவர்களின் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? நல்லதண்ணியில் டிசம்பரிலிருந்து வெசாக் வரை சிவனொளிபாத மலை சீசன். கடையிலோ வானிலோ வேலை கிடைக்கும். சீசன் முடிந்தால் கொழும்புக்கு பஸ் ஏறிப் புறக்கோட்டைக் கடைகளில் மூட்டை தூக்குகிறார்கள். அதே கொழும்பில் டொக்யார்ட் வாசல் இருப்பதைச் சொல்ல யாருமில்லை. தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபை என்று ஒன்று இருப்பதே பல லயங்களுக்குத் தெரியாது.

மறுப்பு ஒன்று வரும், அதில் நியாயமும் உண்டு. இந்நாட்டில் படைக்கென்று செய்யப்பட்டவை வெளிப்பகைக்காகச் செய்யப்பட்டவை அல்ல. இராணுவப் பொறியியலாளர்கள் கட்டிய யுனிபஃபல் வண்டியும், வெலிசறையில் கடற்படை செய்த அரோ படகும் எந்தப் போரில் ஓடின என்று தமிழர்களுக்கு ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. ஆகவேதான் கப்பலோடு நிற்கச் சொல்கிறோம்: ரோந்து, மீட்பு, பழுதுபார்ப்பு. 2030க்குள் இராணுவத்தை ஒரு இலட்சமாகக் குறைப்பதாக 2023இல் அரசு சொன்னது. அப்படி மிஞ்சும் சம்பளப் பணத்தில் ஒரு பங்கு பட்டறைக்குப் போனால் நாட்டுக்கு நட்டமில்லை.

ஆனால் கதவு எல்லோருக்கும் திறக்க வேண்டும். மலையகத் தமிழர் 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்ட சமூகம்; மிச்சமிருந்தவர்களுக்கு அதை முழுதாக வழங்கும் சட்டம் வர 2003 ஆனது. பாதுகாப்புச் சோதனை என்ற பெயரில், லய முகவரியையும் தமிழ்ப் பெயரையும் பார்த்து விண்ணப்பத்தை ஓரம் வைத்தால், அதை அரசின் பாகுபாடு என்றே எழுதுவோம்.

கைத்தொழில் அமைச்சும் புதிய உரிமையாளரும் செய்ய வேண்டியது கடினமானதல்ல. ஹட்டனில் தொண்டமான் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. கப்பல் வெல்டிங்கும் குழாய் வேலையும் அங்கே தமிழில் கற்பிக்கப்பட வேண்டும், தேசிய தொழில் தகைமைச் சான்றிதழோடு. பயிலுநருக்குக் கொழும்பில் தங்குமிடமும் படியும் வேண்டும். படி இல்லாவிட்டால் தோட்டத்துப் பிள்ளை மூன்றாம் மாதமே கடைக்குத் திரும்பிவிடுவான். பெண் பிள்ளைகளையும் சேர்க்க வேண்டும். நுவரெலியா மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர்களே, பங்கு கைமாறும் ஒப்பந்தத்தில் பயிலுநர் இடங்கள் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று அடுத்த அமர்விலேயே கேளுங்கள்.