தொடைக்குள் ஒரு கம்பி

நெய்வேலி டவுன்ஷிப்புக்குள் பைக் ஓட்டுவது சுகம். அகலமான ரோடு, இரண்டு பக்கமும் மரம். அதே மிதப்பில் ஆர்ச் கேட்டைத் தாண்டி ஹைவேயில் ஏறும்போதுதான் வம்பு.

உடம்பிலேயே நீளமான, பலமான எலும்பு தொடையெலும்பு. இளவட்டத்துக்கு அது லேசில் உடையாது. உடைந்தால், தொடைக்குள்ளேயே ஒரு லிட்டர் ரத்தம் இறங்கிவிடலாம். வெளியே சொட்டுகூடத் தெரியாது. ஆகவே, "ஒண்ணுமில்ல மாப்ளே, ஏறு" என்று நடுவில் உட்காரவைத்து டிரிபிள்ஸ் அடிக்கும் நட்பு வேண்டாம். காலை அசைக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

அடுத்த ஆபத்து, மாமா உருவில் வரும். "ஆபரேஷன்லாம் எதுக்குப்பா? புத்தூர் கட்டு போட்டா சரியாப் போயிடும்."

மாமாவைக் காபி வாங்க அனுப்பிவிடுங்கள். தொடைச் சதை பயங்கர முரடு. உடைந்த துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக இழுத்துவிடும். மேலே கட்டும் கட்டுக்கு அது அடங்காது; கால் குட்டையாகிவிடும். அந்தக் காலத்தில் காலில் எடையைத் தொங்கவிட்டு இரண்டு மூன்று மாதம் படுக்கவைத்தார்கள். பி.காம். மூளைக்கு உடனே தோன்றுவது: அத்தனை நாள் சம்பளம்?

1939-ல் ஜெர்மனியின் கீல் நகரில் குன்ட்ஷர் என்ற டாக்டர், எலும்பின் நடுக் குழாய்க்குள்ளேயே நீளமான எஃகுக் கம்பியைச் செருகினார். சக டாக்டர்கள் முகம் சுளித்தார்கள். யுத்தம் முடிந்து ஊர் திரும்பிய அமெரிக்கக் கைதிகளின் எக்ஸ்ரேயில் முழ நீளக் கம்பியைப் பார்த்து, அங்கிருந்த டாக்டர்கள் வாயைப் பிளந்தார்கள்.

நம்மூர்ச் சுரங்கத்தில் மேல்மண்ணை அள்ளினால்தான் பழுப்பு நிலக்கரி. இதில் நேர்மாறு. உடைந்த இடத்தைப் பெரும்பாலும் திறப்பதே இல்லை. அங்கே உறைந்த ரத்தம்தான் எலும்பு ஒட்டுவதற்கு மூலதனம். இடுப்புப் பக்கமோ முழங்கால் பக்கமோ சின்னதாக வெட்டி, எக்ஸ்ரே டி.வி.யைப் பார்த்தபடி கம்பியை நுழைத்து, மேலும் கீழும் ஸ்க்ரூ. உடம்பு தாங்குமென்றால் 24 மணி நேரத்துக்குள் செய்வது நல்லது. தள்ளிப்போட்டுப் படுத்தே கிடந்தால் நுரையீரலுக்கு ஆபத்து. பெரும்பாலோரை ஓரிரு நாளில் வாக்கரோடு நிற்கவைத்து விடுகிறார்கள்.

செலவா? விபத்து நடந்த முதல் 48 மணி நேரத்துக்கு, பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரிகளில் இலவச சிகிச்சை தரும் தமிழக அரசுத் திட்டம் 2021-லிருந்து இருக்கிறது. அட்மிஷன் போடும்போதே கேளுங்கள்.

நின்றாயிற்று என்று பைக் சாவியைத் தேடாதீர்கள். எலும்பு சேர நாலு முதல் ஆறு மாதம். சிகரெட் பிடித்தால் இன்னும் இழுக்கும். பார்க்க வரும் நண்பர் ஒரு கையில் ஹார்லிக்ஸ், சட்டைப் பையில் சிகரெட்டோடு வருவார். ஹார்லிக்ஸை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.