பட்டா யார் பெயரில்?

2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திர அதிரடிப்படை சுட்டதில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லப்பட்ட 20 தமிழர்கள் இறந்தார்கள். ஜவ்வாது மலையைச் சேர்ந்தவர்களும் அவர்களில் உண்டு. அந்தத் துப்பாக்கிச் சூடு குறித்து நிறையப் பேசியிருக்கிறோம். இன்னும் பேச வேண்டும். அவர்களை அந்தக் காடுவரை துரத்திய வீட்டு வருமானத்தைப் பற்றித்தான் போதுமான அளவு பேசவில்லை. மானாவாரிச் சாமை, கொஞ்சம் கேழ்வரகு, பருவத்துக்குப் புளி, தேன், பலா எல்லாம் வயிற்றுப்பாட்டுக்கு ஆகும். ரொக்கம் வேண்டுமென்றால் ஆண்பிள்ளை மலையை விட்டு இறங்கியாக வேண்டும், காபித் தோட்டத்துக்கோ கட்டட வேலைக்கோ. ஒரே ஆளின் கூலியை நம்பி நிற்கிற குடும்பம், அந்த ஆள் திரும்பி வராவிட்டால் என்ன ஆகும்?

வீட்டில் பெண்ணுக்கும் வருமானம் இருந்தால் என்ன மாறும் என்பதை முதலில் பார்ப்போம். லக்ஸம்பர்க் வருமான ஆய்வு மையம் 1983 முதல் பல நாடுகளின் குடும்பக் கணக்கெடுப்புகளை ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவந்து ஒப்பிடுகிறது. அந்தத் தரவுகளைக் கொண்டு நடந்த ஆய்வுகள் பலவும் சொல்வது இது: பெண்ணின் சம்பாத்தியம் பெருகும்போது குடும்பங்களுக்கு இடையிலான வருமான ஏற்றத்தாழ்வு பெரும்பாலும் குறைகிறது. எங்கும் தானாகக் குறைவதில்லை. வசதியான வீட்டுப் பெண்களுக்கு மட்டும் நல்ல வேலை கிடைத்தால் இடைவெளி கூடவும் கூடும். சுவீடன் 1971-ல் கணவன் வருமானத்துக்கும் மனைவி வருமானத்துக்கும் தனித்தனியே வரி விதிக்கத் தொடங்கியது. கூடவே குழந்தைக் காப்பகங்களையும் பெருக்கியது. ஜெர்மனியில் தம்பதியின் வருமானத்தைச் சேர்த்துப் பாதியாகப் பிரித்து வரி போடும் முறை இன்றும் இருக்கிறது. ஒருவர் சம்பாதித்து மற்றவர் வீட்டில் இருக்கும் குடும்பத்துக்கே அதில் லாபம் அதிகம். பெண் வேலைக்குப் போவதும் போகாததும் அவள் விருப்பம் மட்டுமல்ல, சட்டமும் சேர்ந்து எடுக்கிற முடிவு.

நம் நாட்டுக் கணக்கில் வேறொரு மயக்கம் இருக்கிறது. தொழிலாளர் கணக்கெடுப்பின்படி, 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களின் உழைப்புப் பங்கேற்பு 2017-18-ல் 23.3 விழுக்காடு, 2023-24-ல் 41.7. ஆனால் வேலையில் இருப்பதாகக் காட்டப்படும் பெண்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் குடும்பத் தொழிலில் ஊதியமில்லாமல் உதவுகிறவர்கள். சாமைக் காட்டில் களை எடுத்து, அறுத்து, புடைக்கிற ஜவ்வாது மலையின் மலையாளிப் பழங்குடிப் பெண்ணும் அந்தக் கணக்கில் உழைப்பாளிதான். கூலி என்று அவள் கையில் ஒரு ரூபாய் வருவதில்லை. 2019-ன் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை பார்க்கும் பெண்கள் அதற்கு நாளுக்கு 299 நிமிடம் கொடுத்தார்கள், ஆண்கள் 97 நிமிடம். விறகும் தண்ணீரும் தூரத்தில் இருக்கும் மலைக் குக்கிராமத்தில் இந்தச் சுமை குறைவாக இருக்க வழியில்லை.

அதனால்தான் நூறு நாள் வேலையை நான் வெறும் நிவாரணமாகப் பார்ப்பதில்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி, ஊரை விட்டுப் போகாத வேலை. 2024-25-ல் தமிழ்நாட்டில் நாளுக்கு 319 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். 2023 செப்டம்பர் 15 முதல் மகளிர் உரிமைத்தொகையாக மாதம் 1,000 ரூபாய் பெண்ணின் கணக்குக்கே போகிறது. இதை இலவசம் என்று இகழ்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அதே சமயம், ஆயிரம் ரூபாயால் எந்த ஆணின் மலையிறக்கத்தையும் தடுக்க முடியாது.

தடுக்கக்கூடியது நிலமும் அதன்மேல் கிடைக்கும் கடனும். அங்கேதான் சட்டம் பெண்ணைக் கைவிடுகிறது. மகளுக்குச் சொத்தில் சமபங்கு தந்த சட்டத் திருத்தத்தைப் பற்றித் தமிழ்நாட்டில் பெருமையோடு பேசுகிறோம். அந்தத் திருத்தம் சேர்ந்த 1956-ன் இந்து வாரிசுரிமைச் சட்டமோ, பிரிவு 2(2)-ன்படி, மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டாலொழிய பட்டியல் பழங்குடியினருக்குப் பொருந்தாது. அந்த விலக்கை மறுபரிசீலனை செய்யும்படி 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே மத்திய அரசைக் கேட்டுக்கொண்டது. பழங்குடி வழக்கங்களைக் காப்பதற்காக வைத்த விலக்கு, மகளை வெறுங்கையோடு அனுப்பும் வழக்கத்தையும் சேர்த்துக் காக்கிறது.

மாநில அரசு டெல்லிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. 2006-ன் வன உரிமைச் சட்டம், மணமானவர்களுக்குத் தரும் உரிமை ஆவணத்தை, அதாவது பட்டாவை, கணவன், மனைவி இருவர் பெயரிலும் பதியச் சொல்கிறது. ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூர் பகுதியில் இதுவரை கொடுத்த ஆவணங்களில் மனைவியின் பெயர் எத்தனையில் இருக்கிறது என்று ஊர்வாரியாக வெளியிடட்டும். விடுபட்ட இடத்தில் சேர்க்கட்டும். கூட்டுறவுச் சங்கங்கள் அந்த ஆவணத்தை ஏற்று அவள் பெயரிலேயே பயிர்க் கடன் கொடுக்கட்டும்.