கம்ப்யூட்டர் விட்ட குத்து

விளையாட்டு ரசிகர்களுக்கு எப்போதும் இரண்டு ஆட்டங்கள் உண்டு. ஒன்று மைதானத்தில் நடப்பது. மற்றொன்று அது முடிந்த பிறகு டீக்கடையில் நடப்பது. ஷேன் வார்ன் பந்தை பிராட்மன் எப்படி ஆடியிருப்பார்? செயற்கைத் தரையில் தியான்சந்த் எத்தனை கோல் போட்டிருப்பார்? இந்த வழக்குகளுக்குத் தீர்ப்பே கிடையாது. அதனால்தான் தலைமுறை தலைமுறையாக அலுக்காமல் வாதாடுகிறோம்.

குத்துச்சண்டை ரசிகர்களுக்கு இந்த வியாதி கொஞ்சம் அதிகம். ஒரு முறை தீர்ப்பையே வாங்கிவிட்டார்கள். வழங்கிய நீதிபதி ஒரு கம்ப்யூட்டர்.

1967-ல் அமெரிக்காவின் மயாமி நகரைச் சேர்ந்த மர்ரி வொரோனர் என்ற ரேடியோ தயாரிப்பாளருக்கு ஒரு யோசனை வந்தது. எல்லாக் காலத்து ஹெவிவெயிட் வீரர்களிலும் 16 பேரைப் பொறுக்கினார். அவர்களுடைய வேகம், குத்தின் வலிமை, அடி தாங்கும் திறன் எல்லாவற்றுக்கும் நிபுணர்களிடம் மதிப்பெண் வாங்கி, ஓர் என்.சி.ஆர். கம்ப்யூட்டருக்குத் தீனி போட்டார். அது கக்கிய விவரங்களை வைத்து ரேடியோவில் ரவுண்டு ரவுண்டாக வர்ணனை. ரசிகர்கள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள். இறுதிப் போட்டியில் ஜாக் டெம்ப்ஸியை வீழ்த்தி ராக்கி மார்சியானோ சாம்பியன் ஆனார்.

முகமது அலி கால் இறுதியிலேயே அவுட். அவரைத் தோற்கடித்தவர் ஜிம் ஜெஃப்ரீஸ், 1899-ல் பட்டம் வென்றவர். அலிக்குக் கோபம் வந்தது. பத்து லட்சம் டாலர் கேட்டு மானநஷ்ட வழக்குப் போட்டார். நிழல் சண்டையில் தோற்றதற்கு நிஜ வழக்கா என்று சிரிக்கலாம். ஆனால் அப்போது அலியிடம் பெயரைத் தவிர வேறு சொத்து இல்லை. வியட்நாம் போருக்குப் போக மறுத்ததற்காக 1967 ஏப்ரலில் அவருடைய பட்டத்தையும் உரிமத்தையும் பறித்துவிட்டார்கள். ஜூனில் ஐந்தாண்டு சிறைத் தண்டனை. அப்பீலில் வெளியே இருந்தார். பாஸ்போர்ட்டும் போனதால் வெளிநாட்டில் கோதாவில் இறங்கவும் வழியில்லை. அப்போது அவருக்கு வயது 25.

வழக்கு சமரசத்தில் முடிந்தது. மார்சியானோவுடன் கேமரா முன் 'சண்டை' போட வேண்டும். கூலி சுமார் 10,000 டாலர். 1969-ல் மயாமியில் ஒரு ஸ்டூடியோவில் கதவைச் சாத்திக்கொண்டு படம்பிடித்தார்கள். மார்சியானோ 49 சண்டைகளில் ஒன்றில்கூடத் தோற்காமல் 1956-ல் ஓய்வு பெற்றவர். இப்போது வயது 45. தொப்பையைக் கரைத்து, வழுக்கைக்கு டோப்பா மாட்டிக்கொண்டு வந்தார். ரத்தத்துக்குத் தக்காளி சாஸ். ஒரு நிமிட ரவுண்டுகளாக எழுபதுக்கு மேல் எடுத்தார்கள். பல விதமான முடிவுகளையும் எடுத்து வைத்தார்கள். யார் ஜெயிப்பார் என்பது நடித்த இருவருக்குமே தெரியாது.

மார்சியானோவுக்குக் கடைசி வரை தெரியவில்லை. படப்பிடிப்பு முடிந்த சில வாரங்களிலேயே, ஆகஸ்ட் 31 அன்று, விமான விபத்தில் இறந்துபோனார். 1970 ஜனவரி 20-ல் படம் சுமார் 1,500 தியேட்டர்களில் ஒரே இரவில் ஓடியது. 13-வது ரவுண்டில் அலி நாக் அவுட்! அந்தக் கம்ப்யூட்டரை நிறவெறிக்குப் பேர்போன அலபாமாவில் செய்திருப்பார்கள் என்று அலி கிண்டலடித்தார். ஐரோப்பாவில் காட்டிய பிரதியிலோ அலி ஜெயித்தார். எந்த ஊருக்கு எந்த முடிவு விலை போகும் என்ற கணக்குக்கு கம்ப்யூட்டர் தேவையில்லை. கடைக்காரர் போதும்.

கற்பனையை விடுங்கள். இரண்டு காலங்கள் கோதாவில் நிஜமாகவே மோதியதுண்டு. அலியைத் தோற்கடித்ததாகச் சொன்ன அதே ஜெஃப்ரீஸை, ஓய்வு பெற்ற ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு 1910-ல் ரெனோ நகருக்கு இழுத்து வந்தார்கள். முதல் கறுப்பின ஹெவிவெயிட் சாம்பியன் ஜாக் ஜான்சனை அடக்க ஒரு வெள்ளையர் தேவைப்பட்டார். 15-வது ரவுண்டில் ஜெஃப்ரீஸ் சாய்ந்தார். ஆத்திரத்தில் பல நகரங்களில் கலவரம் வெடித்து உயிர்கள் போயின. 1951-ல் வரி பாக்கிக்காக 37 வயதில் ஜோ லூயிஸ் கையுறை மாட்டினார். எதிரே இளம் மார்சியானோ. எட்டாவது ரவுண்டில் தன் சிறுவயது ஹீரோவைக் கயிறுகளுக்கு வெளியே தள்ளிவிட்டு, பிறகு அறையில் போய் அழுதார் மார்சியானோ.

அலிக்கும் அந்த முறை வந்தது. 1980-ல் அவர் சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் கண்காட்சிச் சண்டை போட்டது பழைய ரசிகர்களுக்கு நினைவிருக்கும். தடைக்காலத்தில் அலியிடம் பறித்த பட்டங்களில் ஒன்று போய்ச் சேர்ந்த இடம் இதே எல்லிஸ்தான். அதே ஆண்டு அக்டோபரில் 38 வயது அலி, தன்னிடம் பயிற்சித் துணையாக இருந்த லாரி ஹோம்ஸிடம் பத்து ரவுண்டு அடி வாங்கினார். பயிற்சியாளர்தான் போதும் என்று நிறுத்தினார். 1984-ல் பார்கின்சன் நோய் என்றார்கள். 2016-ல் மறைந்தார்.

நிஜத்தில் இரண்டு காலங்கள் மோதும்போது ஒருவருக்கு வயதாகிவிட்டிருக்கிறது. வயதே ஆகாத இருவரைப் பார்க்கத்தான் நாம் கற்பனைக்குப் போகிறோம். அதில் தவறில்லை. ஆனால் 1970-ல் தியேட்டரில் உட்கார்ந்திருந்தவர்கள் கண்ட காட்சி விசித்திரமானது. உயிரோடு இருந்த 28 வயது சாம்பியனை நிஜச் சண்டை போடவிடாமல் வைத்துவிட்டு, அவருடைய பொய்ச் சண்டைக்கு டிக்கெட் வாங்கினார்கள்.

அலி மறுபடி கோதா ஏறியது 1970 அக்டோபரில். 1971-ல் உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. ஆனால் நாற்பது மாதங்களுக்கு மேல் போய்விட்டிருந்தன. குத்துக்களிலிருந்து நழுவிய பழைய கால்கள் திரும்பவில்லை. பிறகு வந்த அலி அடியைத் தாங்கி ஜெயித்த அலி. 1974-ல் கின்ஷாசாவில் கயிற்றில் சாய்ந்தபடி ஜார்ஜ் ஃபோர்மனின் குத்துகளை வாங்கி வாங்கியே அவரை வீழ்த்தினார்.

இன்றைய கம்ப்யூட்டர்கள் எத்தனையோ கெட்டிக்காரத்தனம் செய்கின்றன. என்னிடம் டிக்கெட் விற்க வேண்டுமானால் மார்சியானோ வேண்டாம், ஜெஃப்ரீஸும் வேண்டாம். 1967-ன் அலியையும் 1974-ன் அலியையும் மோதவிடட்டும். யார் ஜெயித்தாலும் சரி. இடையில் காணாமல் போன அந்த மூன்றரை ஆண்டுகள் எப்படி இருந்திருக்கும் என்று ஒரு ரவுண்டாவது தெரியவரும்.