ஓட்டு ஊர்ல இருக்கு சார்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் கூட்டம். தெற்குச் சென்னையின் புறநகரில், ஏரிக்கரை ஒன்றை ஒட்டிய தெரு எங்களுடையது. தெருமுனையில் தேங்கும் சாக்கடைதான் அன்றைய பொருள். சமோசா வந்தது, டீ வந்தது, பின்னாலேயே வழக்கமான அந்த வாக்கியமும் வந்தது. பெரிய பதவியிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர் டீயை உறிஞ்சியபடி திருவாய் மலர்ந்தார்: "ஐந்நூறுக்கும் பிரியாணிக்கும் ஓட்டுப் போடற ஜனங்க இருக்கறவரைக்கும் நம்ம ஏரியா உருப்படாது சார்."

இருந்த தலைகள் எல்லாம் ஆடின.

"2022 கவுன்சிலர் தேர்தல்ல நீங்க யாருக்கு சார் போட்டீங்க?" என்று கேட்டேன்.

"எனக்கு ஓட்டு ஊர்ல இருக்கு சார்."

இந்த ஊரில் குடியேறி இருபது வருடம். கார் இங்கே, காஸ் இணைப்பு இங்கே, பேரனின் பள்ளிக்கூடம் இங்கே. ஓட்டு மட்டும் காவிரிக்கரையில். அங்கே போய்க் கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று நான் கேட்கவில்லை. வயதுக்கு ஒரு மரியாதை உண்டே.

எங்கள் வாசலில் இஸ்திரி வண்டி போட்டிருக்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். 2022 பிப்ரவரி 19, சனிக்கிழமை. நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல். அன்று காலை ஏழு மணிக்கு அவர் வரிசையில் நின்றார். எங்கள் குடியிருப்பில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. ஓட்டுப் போட விட்ட விடுமுறையை ஞாயிற்றுக்கிழமையோடு சேர்த்துக்கொண்டு ஏற்காட்டுக்கும் மகாபலிபுரத்துக்கும் போய்விட்டார்கள் நம் விவரமான வாக்காளர்கள். அன்று தமிழ்நாடு முழுக்கச் சேர்த்துச் சுமார் 60 சதவீதம் பதிவானது. பட்டதாரிகள் நிரம்பி வழியும் சென்னை மாநகராட்சியில் 44ஐக்கூட எட்டவில்லை. அதற்கு நாலு மாதம் முன்னால் ஒன்பது மாவட்டங்களில் நடந்த ஊரகத் தேர்தலில் முக்கால்வாசிக்கு மேல் பதிவானது. நாற்று நடுகிறவர்களுக்கு நேரம் இருந்திருக்கிறது. மடிக்கணினி தட்டுகிறவர்களுக்குத்தான் இல்லை.

இஸ்திரி அக்கா காசு வாங்கினாரா? கேட்டேன். சிரித்தார். "ரெண்டு பேருகிட்டயும் வாங்கினேன். போட்டது என் இஷ்டத்துக்குத்தான்." அதோடு விட்டாரா? வண்டிக்கு எதிரே கம்பத்தில் விளக்கு எரியவில்லை என்று கவுன்சிலர் வீட்டுப் படியை நாலு தடவை ஏறினார். விளக்கு வந்தது. நம் ஆட்கள் வாட்ஸ்அப் குழுவில் நானூறு தடவை பொங்கினார்கள். சாக்கடை அப்படியே இருக்கிறது.

காசு வாங்குவது தப்புதான். ஆனால் அதைச் சொல்கிற வாய் எது? வீடு வாங்கும்போது பாதியை வெள்ளையிலும் மீதியைப் பையிலும் கொடுத்த வாய். அனுமதித்த வரைபடத்தில் இல்லாத பால்கனியை இழுத்துக் கட்டிய வாய். விதிமீறிக் கட்டிய கட்டடங்களை வரன்முறைப்படுத்த அரசு சட்டத்தையே திருத்த வேண்டியிருந்ததே, அவற்றைக் கட்டியது இஸ்திரி அக்காவா? ஏரி வாய்க்காலை மறித்து எழுந்த மனைப்பிரிவில் கிழக்குப் பார்த்த மனையாகத் தேடி வாங்கியது யார்? மழை வந்தால் முதல் தளம்வரை தண்ணீர் என்று டிவி கேமராவிடம் அழுவதும் அவர்களே. வீட்டு வேலை செய்ய வரும் பெண்கள் லிஃப்டில் ஏறக் கூடாது என்று தீர்மானம் போட்டதும் இதே சங்கம்தான். அந்தத் தீர்மானத்துக்கு மட்டும் வாக்குப்பதிவு நூறு சதவீதம்!

"கவுன்சிலரே வேண்டாம் சார், அதிகாரிகள் கையில் விட்டால் சுத்தமாக நடக்கும்" என்பது இவர்களுடைய அடுத்த வேதம். விட்டுப் பார்த்தோமே! 2016இல் நடக்க வேண்டிய தேர்தல் நின்றுபோய், ஐந்து வருடத்துக்கும் மேல் தனி அலுவலர்கள்தான் ஆண்டார்கள். 2019 கோடையில் சென்னையே குடத்தைத் தூக்கிக்கொண்டு லாரிக்குப் பின்னால் ஓடியபோது, வீட்டு வாசலில் போய் நின்று சத்தம்போட ஒரு கவுன்சிலர் கிடையாது. தனி அலுவலர் வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா? எனக்கும் தெரியாது.

சில வார்டுகளில் சில நூறு ஓட்டே வெற்றியைத் தீர்மானித்துவிடும். எங்கள் தெருவில் மட்டும் ஏழு அடுக்ககங்கள். மொத்தமாக இறங்கி வந்து போட்டால் எந்தக் கட்சிக்காரரும் வாசலில் வந்து நிற்பார். இறங்க மாட்டார்கள். வெயில். வரிசை. அப்புறம், ஓட்டு ஊரில் இருக்கிறது.

கூட்டத்தின் முடிவில், சாக்கடை பற்றிக் கவுன்சிலருக்கு மனு கொடுப்பது என்று தீர்மானமானது. செயலாளர் பேனாவை எடுத்தார்.

"பெறுநர்... கவுன்சிலர் பேர் என்ன?"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் வாட்ச்மேனைக் கீழே அனுப்பி இஸ்திரி அக்காவிடம் கேட்டு வரச் சொன்னார்கள். பெயரோடு, எத்தனை மணிக்குப் போனால் ஆள் வீட்டில் இருப்பார் என்பதையும் அக்கா சொல்லி அனுப்பியிருந்தார்.