தவணை நின்றது, வட்டி நிற்கவில்லை

கொள்ளைநோய் உடலைத் தாக்குவது எல்லோருக்கும் தெரிகிறது. பாங்குகளின் பேரேட்டை அது தாக்கும் விதமோ சுலபத்தில் கண்ணில் படுவதில்லை. 2020 மார்ச் 25-ந் தேதி நாடெங்கும் ஊரடங்கு அமலுக்கு வந்தது. கடைகள் மூடின; கூலி நின்றது. ஆனால், வாங்கிய கடனுக்குத் தவணை நாள் மட்டும் தவறாமல் வந்தது.

புதுக்கோட்டை ஜில்லாவின் நிலை இன்னும் பரிதாபமானது. 2018 நவம்பர் 16-ந் தேதி வீசிய கஜா புயல், கீரமங்கலம், வடகாடு வட்டாரத் தென்னந்தோப்புகளைச் சாய்த்திருந்தது. புதிதாக நட்ட தென்னை பலன் தரச் சில ஆண்டுகள் ஆகும். அந்தக் கன்றுகள் காய்க்குமுன்பே கோவிட் வந்து சேர்ந்தது.

தவணை 90 நாட்களுக்கு மேல் பாக்கி நின்றால் அதை வாராக் கடன் என்று பாங்கு எழுதிக்கொள்வது பொது விதி. லட்சக்கணக்கான கடன்கள் ஒரே சமயத்தில் அப்படி ஆனால் பாங்குகளின் கதி என்ன? ரிசர்வ் பாங்கு முந்திக்கொண்டது. மார்ச் 27-ந் தேதி ரெப்போ வட்டியை 4.4 சதவிகிதமாகக் குறைத்தது. தவணைகளை மூன்று மாதம் ஒத்திவைக்கவும் அனுமதித்தது. பின்னர் அச்சலுகை ஆகஸ்ட் 31 வரை நீண்டது.

ஒத்திவைப்பு வேறு, தள்ளுபடி வேறு. 12 சதவிகித வட்டியில் ஒரு லட்சம் ரூபாய் பாக்கி வைத்திருப்பவர் ஆறு மாதம் தவணை கட்டவில்லை என்று வைத்துக்கொள்வோம். மாதந்தோறும் வட்டியை அசலில் சேர்த்தால் 6,152 ரூபாய் ஏறும். அதில் வட்டிக்கு வட்டி 152 ரூபாய்தான். இந்தச் சிறு பகுதியையே 2020 அக்டோபரில் மத்திய சர்க்கார் 2 கோடி ரூபாய் வரையிலான சிலவகைக் கடன்களுக்கு ஏற்றது. பயிர்க் கடன் அதில் சேரவில்லை. 2021 மார்ச் 23-ந் தேதி சுப்ரீம் கோர்ட், ஒத்திவைப்புக் காலத்தில் எந்தக் கடனுக்கும் வட்டிக்கு வட்டி கூடாது என்று தீர்ப்பளித்தது. மீதி 6,000 ரூபாய்? கடன்காரர் தலையில்தான்!

பாங்குகளோ தப்பின. வாராக் கடன் 2021 மார்ச்சில் 12.5 சதவிகிதத்தை எட்டக்கூடும் என்று ரிசர்வ் பாங்கு 2020 ஜூலையில் கணித்தது. உண்மையில் அது சுமார் 7.5 சதவிகிதமே, 2024 மார்ச்சில் 2.8 சதவிகிதமாக இறங்கியது. ஒத்திவைப்பும், சர்க்கார் ஜாமீன் நின்ற 3 லட்சம் கோடி ரூபாய்க் கடன் திட்டமும் இதற்குத் துணை நின்றன. தமிழக விவசாயிக்கு நிஜமான தள்ளுபடி வந்தது 2021 பிப்ரவரியில்: கூட்டுறவுப் பயிர்க் கடன் 12,110 கோடி ரூபாயை ரத்து செய்வதாக மாநில சர்க்கார் அறிவித்தது. அதுவும் மக்களின் வரிப்பணமே.

பாங்குகள் நிலைத்தது நாட்டுக்கு நன்மை. அவற்றில் இருப்பது மக்களின் சேமிப்பு அல்லவா? ஆனால், இன்னொரு நோய் வந்து தவணை ஒத்திவைக்கப்படுமானால், எவ்வளவு வட்டி கூடுதலாக ஏறும் என்பதைக் கடன்காரரின் கையில் தமிழில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். கட்டுவதா, தள்ளிவைப்பதா என்பதை அவர் கணக்குப் பார்த்து முடிவு செய்யட்டும்.