அவசரப் பிரிவில் காப்பீட்டு அட்டை ஏன் செல்ல வேண்டும்

அரசுக் காப்பீடு நாள் குறித்துச் செய்யும் அறுவைக்குச் சரி, அவசர சிகிச்சைக்கு ஒத்துவராது. தனியார் மருத்துவமனைகளின் அவசரப் பிரிவு அதிலிருந்து விலகி நிற்பதே நல்லது. தமிழ்நாட்டு மருத்துவர்களிடையே இந்தப் பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. பேசுகிறவர்கள் இரக்கமற்றவர்கள் அல்லர். இரவெல்லாம் கண்விழித்து உயிர்களை இழுத்துப் பிடிப்பவர்கள்தான். ஆனாலும் அந்த முடிவு தவறு. அதற்கு அவர்கள் சொல்லும் காரணங்கள் ஒவ்வொன்றுக்கும் பதில் இருக்கிறது.

எந்த நோயாளியை ஏற்பது என்பது மருத்துவரின் உரிமை என்பது முதல் காரணம். கிளினிக் வைத்திருப்பவருக்கு இது ஓரளவு பொருந்தும். அவசரப் பிரிவில் அந்த உரிமை 1989லேயே முடிந்துவிட்டது. பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம், காயப்பட்டு வருபவரின் உயிரைக் காப்பது அரசு மருத்துவர், தனியார் மருத்துவர் என்ற வேறுபாடின்றி எல்லோருக்கும் கடமை, போலீஸ் நடைமுறைகூட அதற்குக் குறுக்கே வரக்கூடாது என்று தீர்ப்பளித்தது. ஆக, அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்தாலும் சேராவிட்டாலும் மூச்சுக்குழாய் போடுவதையும் ரத்தப்போக்கை நிறுத்துவதையும் அந்த மருத்துவர் செய்தே ஆக வேண்டும். விலகி நிற்பதால் மாறுவது ஒன்றுதான்: செலவு யார் தலையில் விழுகிறது என்பது. மருத்துவமனை ஏற்காவிட்டால், வெளியே நிற்கும் மனைவியின் தாலிக்கொடி அடகுக் கடைக்குப் போகும்.

ஒப்புதல் வருவதற்குள் உயிர் போய்விடும் என்பது அடுத்தது. உண்மையில் சிகிச்சையைத் தாமதப்படுத்துவது ஒப்புதல் அன்று, ‘முதல்ல டெபாசிட் கட்டிட்டு வாங்க’ என்ற வார்த்தைதான். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அவசர நிலையில் தொலைபேசி வழியாகவே ஒப்புதல் பெற வழி இருக்கிறது; காகிதங்கள் பிறகு போகலாம். சாலை விபத்துக்கு அரசு இன்னும் ஒரு படி மேலே போனது. 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு வருமான வரம்பே கிடையாது. அட்டை இல்லாதவருக்கும், வேறு மாநிலத்தவருக்கும், வெளிநாட்டவருக்கும் அது உண்டு. தொடக்கத்தில் 81 வகைச் சிகிச்சைகள், 1 லட்சம் ரூபாய் வரை. லாரி மோதி நினைவிழந்து கிடப்பவரிடம் வருமானச் சான்றிதழ் கேட்க முடியாது என்பதைப் புரிந்துகொண்டு வகுத்த திட்டம் அது.

‘அதுக்குத்தான் ஜி.எச். இருக்கே’ என்பார்கள். 1992 ஜூலையில் மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஓர் உழைப்பாளியை, படுக்கை இல்லை, வசதி இல்லை என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பல அரசு மருத்துவமனைகள் திருப்பி அனுப்பின. கடைசியில் ஒரு தனியார் மருத்துவமனையில் 17,000 ரூபாய் செலவழித்துப் பிழைத்தார். அவருக்கு 25,000 ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்ன உச்ச நீதிமன்றம், 1996 தீர்ப்பில், அவசர சிகிச்சை மறுக்கப்படுவது வாழ்வுரிமையையே மீறுவது என்றது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகள் இன்று அந்த நிலையில் இல்லை என்பதைப் பெருமையோடு சொல்லலாம். ஆனால் நெஞ்சுவலி வந்தவருக்கு எது பக்கத்தில் இருக்கிறதோ அதுதான் மருத்துவமனை.

அருகிலுள்ள மருத்துவமனையும் காப்பீடும் கைகோத்தால் உயிர்கள் பிழைக்கும் என்பதற்கு நம் மண்ணிலேயே சான்று இருக்கிறது. கோவை இதய மருத்துவர் தாமஸ் அலெக்சாண்டரும் குழுவினரும் சிறிய மருத்துவமனைகளையும் ஆஞ்சியோ வசதியுள்ள பெரிய மருத்துவமனைகளையும் ஆம்புலன்ஸ் வழியாக இணைத்து மாரடைப்புச் சிகிச்சை முறை ஒன்றை அமைத்தார்கள். ஏழைகளின் செலவுக்கு மாநிலக் காப்பீட்டுத் திட்டம் கைகொடுத்தது. 2,420 நோயாளிகளைக் கொண்டு அந்த முறையை மதிப்பிட்ட ஆய்வு 2017இல் ஜாமா கார்டியாலஜி இதழில் வந்தது. ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்தார்கள். காப்பீடு மட்டுமே இதைச் செய்யவில்லை. ஆனால் பணம் கட்ட முடியாதவரைப் பெரிய மருத்துவமனை வாசலிலேயே நிறுத்தியிருந்தால், ஆம்புலன்ஸ் எவ்வளவு வேகமாக வந்தும் பயன் என்ன?

திட்டம் தரும் கட்டணம் கட்டுப்படியாகாது என்ற கடைசிக் காரணத்தை மட்டும் நான் எளிதாகத் தள்ளமாட்டேன். அதில் நியாயம் இருக்கிறது. அவசர மருத்துவத்தை இந்திய மருத்துவக் கவுன்சில் தனித் துறையாக ஏற்றதே 2009இல்தான். அதே ஆண்டு ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் தொடங்கியது. அப்போதிருந்தே சிகிச்சைப் பட்டியல் அறுவையையும் குறிப்பிட்ட நோயையும் வைத்தே எழுதப்பட்டு வருகிறது. பாம்பு கடித்து வந்தவரை இரவு முழுக்கக் கண்காணிப்பது, மாரடைப்பு அன்று என்று உறுதி செய்ய இரண்டு முறை இ.சி.ஜி.யும் ரத்தப் பரிசோதனையும் எடுப்பது, நிலைப்படுத்தி வேறிடத்துக்கு அனுப்புவது ஆகியவைதான் அவசர மருத்துவரின் அன்றாட உழைப்பு. இதில் பெரும்பகுதிக்குப் பட்டியலில் தனி விலை கிடைப்பது கடினம். பணம் வரத் தாமதமாகிறது என்ற புகாரையும் சிறிய மருத்துவமனைகள் சும்மா சொல்லவில்லை. இருபது படுக்கை வைத்திருப்பவருக்கு மூன்று மாத நிலுவை என்பது செவிலியர் சம்பளம்.

இந்தக் குறைகளைச் சரிசெய்ய வைக்க வேண்டும் என்பதுதான் இதிலிருந்து பெறப்படுகிறதே தவிர, விலக வேண்டும் என்பதன்று. சட்டம் திருத்த முடியாததும் அன்று. 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் பொன்னான முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டம் வேண்டும் என்றது. ஆண்டுகள் ஓடின. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கெடு விதித்த பிறகு, அந்த மே மாதம் 7 நாள், 1.5 லட்சம் ரூபாய் என்ற திட்டம் நாடு முழுமைக்கும் வந்தது. விபத்துக்குக் கிடைத்த இந்த ஏற்பாடு பக்கவாதத்துக்கும் பாம்புக்கடிக்கும் ஏன் கிடைக்கக் கூடாது? கண்காணிப்புக்கு ஒரு விலை, நிலைப்படுத்தி அனுப்புவதற்கு ஒரு விலை, பணம் தர ஒரு கெடு: இந்த மூன்றையும் அவசர மருத்துவர்கள் சங்கமாகத் திரண்டு கேட்கட்டும். எந்தச் செலவுக்கு எவ்வளவு விட்டுப்போகிறது என்ற கணக்கு, திட்டத்துக்குள் இருந்து நோயாளிகளைப் பார்த்தவர்களின் பதிவேட்டில்தான் இருக்கும்.