இந்த "-ஒய்"யை யாருங்க சொல்லிக்கொடுக்கச் சொன்னது?

ரொம்ப நாளா அடக்கி வச்சிருந்த கடுப்பு இது. போன வாரம் அக்கா பையன் புண்ணியத்துல வெடிச்சிருச்சு. கொட்டிடறேன், பொறுத்துக்குங்க.

ராத்திரி பதினொன்றரைக்கு போன். "மாமா, லேப்டாப் ஆன் பண்ணா கருப்பா நிக்குது. டெஸ்க்டாப்பே வரல. காலைல பத்து மணிக்கு ப்ராஜெக்ட் ரிவ்யூ." உபுண்டு போட்டுக்கொடுத்த பாவி நான்தான், திட்டவும் முடியல. கடைசியா என்னடா பண்ணுனேன்னு கேட்டா, பைத்தான் வெர்ஷன் ஒத்துவரலையாம். ஏதோ ஒரு வீடியோவுல பழசைத் தூக்கிட்டுப் புதுசு போடச் சொன்னாங்களாம். "சூடோ ஆப்ட் ரிமூவ் பைத்தான்3 -ஒய்". அப்படியே ஒட்டி என்டர் தட்டிட்டான்.

உபுண்டுல பைத்தான்3 என்பது இவன் ப்ராஜெக்டுக்காக வந்த சாமான் இல்லை. சிஸ்டத்துல பாதி அதுமேலதான் உட்கார்ந்திருக்கு. அதை உருவினா அதை நம்பியிருக்கிற எல்லாம் கூடவே கிளம்பும். ஆப்ட் இதை ஒளிக்கவும் இல்லை. என்னென்ன நீக்கப்போறேன்னு, "நீக்கப்படும்"ங்கற வார்த்தையை மட்டும் பெரிய எழுத்துல போட்டு, முழுப் பட்டியலையும் காட்டிட்டு, தொடரட்டுமான்னு கேட்கும். அந்தக் கேள்வியைத்தான் -ஒய் முழுங்கிடுது. பட்டியல் சர்ருன்னு மேல ஓடிடும், படிக்க யாருக்கு நேரம்?

-ஒய் கெட்டது இல்லீங்க. ஆளே இல்லாம ராத்திரி ஓடுற ஸ்கிரிப்ட், டாக்கர் இமேஜ் கட்டுற இடம், இதுக்கெல்லாம் பொறந்தது அது. அதைக் கொண்டுவந்து நேத்து லினக்ஸ் போட்ட பையன் கையில கொடுக்கறது எந்த ஊர் நியாயம்?

2021 நவம்பர்ல லைனஸ் டெக் டிப்ஸ் வீடியோவுல பாப் ஓஎஸ்ல ஸ்டீம் போடப்போய் டெஸ்க்டாப்பையே தூக்கினாரே லைனஸ் செபாஸ்டியன், ஞாபகம் இருக்கா? அங்கே ஸ்டீம் பேக்கேஜ்லயே கோளாறு. ஆப்ட் வெறும் ஒய் கேட்கல, "ஆமாம், நான் சொல்றபடி செய்"னு ஒரு முழு வாக்கியத்தையே டைப் பண்ணச் சொல்லிச்சு. மனுஷன் டைப் பண்ணிட்டார். ஊரே சிரிச்சுது. எனக்குச் சிரிப்பு வரல. கேள்வி வந்தா ஆமாம் சொல்லு, அதுதான் வழின்னு இத்தனை வருஷமா பழக்கினது நாமதானே? அந்த முழு வாக்கியப் பூட்டும் அத்தியாவசியப் பேக்கேஜ்களுக்கு மட்டும்தான். பைத்தான்3 அந்தப் பட்டியல்ல கிடையாது.

உடனே "இதுக்குத்தான் கமாண்ட் லைனே வேண்டாம்கறோம்"னு ஒரு கோஷ்டி கிளம்பும். சாமிகளா, அந்த ராத்திரி காப்பாத்தினதே கமாண்ட் லைன்தான். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்தி எழுத்துத் திரைக்குப் போய், போனை யூஎஸ்பில மாட்டி நெட் கொடுத்து, வார் லாக்ல ஆப்ட் ஃபோல்டருக்குள்ள இருக்கிற ஹிஸ்டரி லாகைத் திறக்கச் சொன்னேன். எந்தக் கட்டளை, எத்தனை மணிக்கு, எதையெல்லாம் தூக்கிச்சுன்னு வரிவரியா எழுதி வச்சிருந்துச்சு. அந்த வரியைப் பார்த்துத்தான் எல்லாத்தையும் திரும்பப் போட்டோம். 1999ல டெபியன் 2.1 கூட ஆப்ட் வந்தப்புறம்தான், எது எதை நம்பியிருக்குன்னு நாமே தேடி அலையுற அவஸ்தை தீர்ந்துச்சு. அவ்வளவு உழைக்கிற ஒரு ஜீவன் பேசறதைக் காதுல வாங்கினா குறைஞ்சா போயிடுவோம்?

ஆப்ட் மேலயும் எனக்கு ஒரு கோபம் உண்டு. அந்தக் கேள்வியில ஒய்தான் பெரிய எழுத்து, வெறும் என்டர் தட்டினாலே ஆமாம்னு அர்த்தம். நீக்கும்போதாவது என் பெரிசா இருக்கக்கூடாதா? -ஒய் இடத்துல -எஸ் போட்டா எதையும் தொடாம ஒத்திகை மட்டும் பார்க்கும். அதை எந்த வீடியோவுலயும் காணோம். இவனுக்கு வேண்டியது பழசுக்குப் பக்கத்துலயே தனியா இன்னொரு பைத்தான் வெர்ஷன், அதை வச்சு ஒரு வென்வ், அவ்வளவுதான். சிஸ்டம் பைத்தானைத் தொடவே வேண்டியதில்லை.

மூணு மணிக்கு டெஸ்க்டாப் வந்துச்சு. ரிவ்யூவும் முடிஞ்சுது. அந்த வீடியோவுக்குக் கீழே போய் நாலு வரி எச்சரிக்கை எழுதிட்டு வந்தேன். சாயங்காலமே பதில்: "எனக்கு வொர்க் ஆகுது ப்ரோ."